அருவிக்குச் செல்வோர் அறிய வேண்டியவை

நெல்லைச் சீமையில் பிறந்த நமக்கு அருவி புதிதன்று. பாபநாசத்திற்கு மேலுள்ள அகத்தியர் அருவிக்குக் கட்டுச்சோற்றுடன் சென்றுவந்த நினைவு நம்மில் பலருக்கும் உண்டு. அந்தப் பழக்கமே நம்மை அசட்டையாக்கிவிடுகிறது.

நாம் குளிக்குமிடத்தில் வானம் வெளுத்திருக்கலாம். ஆயினும் தலைமேல் விழும் நீர், கண்ணுக்கெட்டாத மலைமுகட்டில் பெய்த மழையன்றோ! செங்குத்தான பாறைச்சரிவில் அம்மழை தங்குவதில்லை. சில நிமிடங்களிலேயே கீழே பாய்ந்துவிடும். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரெனப் பெருகிய வெள்ளம் பதினேழு வயது மாணவர் ஒருவரின் உயிரைக் கொண்டுபோயிற்று. மே மாதத்தில் வெள்ளமேது என்று எண்ணுவோர் இதனை நினைவிற் கொள்க.

வெள்ளம் சில வேளைகளில் முன்னறிகுறியுடன் வருவதுண்டு. தெளிந்த நீர் கலங்கும், சருகும் சுள்ளியும் மிதந்து வரும், இரைச்சல் கனக்கும். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் துணியையும் செருப்பையும் தேடி நிற்றலாகாது. நீரின் போக்கில் கீழ்நோக்கி ஓடுவதும் தவறு. பக்கவாட்டில் மேடேற வேண்டும்.

அகத்தியர் அருவிக்கு மேலுள்ள கல்யாண தீர்த்தத்திற்கு ஏறுவோர் பாசி படர்ந்த பாறையில் கால் வைத்தல் வேண்டா. நண்பர் கைதட்டுவதற்காகப் பாறையிலிருந்து குதிக்கும் இளைஞரை எண்ணினால் நமக்கு அச்சமே மிகுகிறது. நீருக்கடியில் உள்ள பாறையை யார் அளந்து பார்த்தார்?

இக்காடு 1988-இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட களக்காடு–முண்டந்துறைப் பகுதியைச் சேர்ந்தது. யானைகளும் நடமாடும் வழியாதலின், வனத்துறையினர் குறித்த நேரத்திற்குள் சோதனைச் சாவடியைக் கடந்து திரும்பிவிட வேண்டும்.