ரிப்பனின் நிறமும் கணினியின் நிறமும்



“பச்சை ரிப்பன் கட்டி வாருங்கள்” என்று ஆசிரியை கூறுகிறார். நாமும் கட்டி வருகிறோம். அடுத்த ஆண்டு சீருடை நீலமாக மாறினால் அந்தப் பச்சை ரிப்பன் பொருந்துமா? “சீருடையின் நிறத்திலேயே ரிப்பன் கட்டுங்கள்” என்று கூறியிருந்தால், சீருடை எத்தனை முறை மாறினாலும் கட்டளை மாற வேண்டியதில்லை அல்லவா? கணினியின் மெனுவிற்கு நிறம் கொடுப்பதிலும் இவ்விரு வழிகளே உள்ளன. முதல் வழியில் சென்று நாங்கள் பெற்ற பாடத்தை இங்கே கூற விரும்புகிறோம்.

எங்கள் கணினி அறையில் உள்ளது ‘பாஸ்’ லினக்ஸ். சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் 2007-ஆம் ஆண்டு இதை வெளியிட்டது. 2011-இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் நம் அக்காமார் பலர் பெற்ற கணினிகளிலும், விண்டோஸுடன் இதுவும் இருந்தது.

பள்ளி விழாவிற்காக மெனுவிற்குப் புதிய ஸ்கின், அதாவது மேலாடை, ஒன்று தைத்தோம். ‘ஜிடிகே.சிஎஸ்எஸ்’ என்னும் கோப்பில் மெனுவின் பின்னணி வெள்ளை என்று எழுதினோம். கணினி மொழியில் அது 255, 255, 255. எழுத்தின் நிறத்தைத் தொடவில்லை; அது கறுப்பாகவே இருந்தது. அழகாயிருக்கிறது என்று அனைவரும் பாராட்டினர்.

மறுநாள் பார்வை குறைந்த எங்கள் தோழி ஒருத்தி கணினியின் முன் அமர்ந்தாள். கறுப்புத் தளத்தில் வெள்ளை எழுத்தைக் காட்டும் ‘ஹை கான்ட்ராஸ்ட்’ தீமே அவள் கண்களுக்கு ஏற்றது. அதைத் தேர்ந்தெடுத்தாள். எழுத்து, தீமின் சொல் கேட்டு வெள்ளையாயிற்று. பின்னணியோ எங்கள் சொல் கேட்டு வெள்ளையாகவே நின்றது. “மெனு எங்கேடி?” என்று அவள் கேட்டபோது நாங்கள் தலைகுனிந்தோம்.

பிழை யாது? நிறத்தை எண்ணாக எழுதியது ஒன்று. பாதியை நாம் எழுதி, மறுபாதியைக் கணினியிடம் விட்டது மற்றொன்று.

திருத்தம் எளிது. தீம் ஒவ்வொன்றும் தன் நிறங்களுக்குப் பெயர் சூட்டி வைத்திருக்கிறது. பின்னணிக்கு ‘தீம் பிஜி கலர்’, எழுத்திற்கு ‘தீம் எஃப்ஜி கலர்’ என்பன அப்பெயர்கள். தேர்ந்தெடுத்த வரிக்கும் இவ்வாறே இரு பெயர்கள் உண்டு. எண்ணை அழித்துப் பெயரை எழுதினோம். தீம் மாறியதும் மெனுவும் உடன் மாறியது! விண்டோஸிலும் இதே முறைதான். மென்பொருள் மெனு நிறத்தைக் கணினியிடம் கேட்டுப் பெறலாம். நிறம் மாறும்போது கணினியே செய்தி அனுப்பும்.

மூன்று விதிகளை நினைவில் கொள்வோம். முதலாவது, பின்னணியும் எழுத்தும் இணைபிரியாதவை. இரண்டையும் ஒரே இடத்திலிருந்து பெற வேண்டும். இரண்டாவது, மெனுவிலுள்ள சிறு படங்களும் எழுத்தின் நிறத்தையே ஏற்க வேண்டும்; கறுப்புப் படம் கறுப்புத் தளத்தில் மறைந்துவிடும். மூன்றாவது, வெளிர் தீம், இருண்ட தீம், ஹை கான்ட்ராஸ்ட் ஆகிய மூன்றிலும் சோதித்துப் பார்க்க வேண்டும். எழுத்திற்கும் பின்னணிக்கும் இடையே ஒளி வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்பது 2008-இல் இணையப் பக்கங்களுக்காக வகுக்கப்பட்ட உலக நெறி. கறுப்பும் வெள்ளையும் 21-க்கு 1.

நம் ஓசூருக்கு இது புதிதன்று. தமிழ், தெலுங்கு, கன்னடம் பேசும் இல்லங்கள் இங்கே அடுத்தடுத்து உள்ளன. நல்ல மென்பொருள் தன் சொற்களை ஒரே மொழியில் பதித்து வைப்பதில்லை, “எந்த மொழி வேண்டும்?” என்று கணினியிடம் கேட்டு அம்மொழியில் காட்டுகிறது. நிறத்தையும் அவ்வாறே கேட்க வேண்டும். சிப்காட் ஆலையில் இரவு ஷிப்ட் முடித்து வரும் தந்தைக்குக் கண் கூசாத இருண்ட திரை வேண்டும். பகலில் படிக்கும் மகளுக்கு வெளிர் திரை வேண்டும். ஒரே மெனு இருவருக்கும் பயன்பட வேண்டாமா?

எங்கள் ஸ்கின் இன்று முன்போல் பளிச்சென்று இல்லை என்பது உண்மையே. ஆனால் எங்கள் தோழி அதை வாசிக்கிறாள். அழகென்று நாம் செய்வது எதுவாயினும், அதைப் பயன்படுத்துவோரின் கண்களை முதலில் கேட்டறிவோமாக!

— பன்னிரண்டாம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு மாணவியர்