இளம் திருநர்களின் சிகிச்சைப் பயனை அளத்தல்

பிறப்பில் குறிக்கப்பட்ட பாலினத்தோடு தம் அடையாளம் பொருந்தாத இளையோர், உளவள ஆலோசனை, ஹார்மோன் மருத்துவம் முதலியவற்றைப் பெறுவது பாலின உறுதிப்பாட்டுச் சிகிச்சை எனப்படும். அது அவர்கள் வாழ்வில் ஏற்படுத்திய மாற்றத்தை முறையாகப் பதிவு செய்வதே பயனை அளத்தல் ஆகும்.

அளக்கப்படுவன

ஹார்மோன் அளவையும் எலும்பின் திண்மையையும் பரிசோதனைகள் காட்டிவிடும். மனச்சோர்வு குறைந்ததா, தன் உடல் தனக்கு இசைவாக உள்ளதா, படிப்பைத் தொடர முடிகிறதா, மருத்துவர் மதிப்புடன் நடத்தினாரா என்பவற்றைச் சிகிச்சை பெறுபவரே சொல்ல வேண்டும். இதற்கு வினாத்தாள்கள் பயன்படுகின்றன. நெதர்லாந்தில் உருவான உட்ரெக்ட் அளவுகோல் இவற்றுள் பழையது. அது பாலினம் சார்ந்த மன வேதனையை அளக்கிறது; சிகிச்சை அனுபவத்தை அளப்பதில்லை.

ஆய்வு முடிவுகள்

அமெரிக்காவில் ஹார்மோன் மருத்துவம் பெற்ற, 12 முதல் 20 வயது வரையிலான 315 பேரை இரண்டு ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2023இல் வெளியானது. சராசரியாக வாழ்க்கை நிறைவு கூடியது. மனச்சோர்வும் பதற்றமும் குறைந்தன. ஆயினும் பிறப்பில் ஆண் எனக் குறிக்கப்பட்டவர்களிடம் இம்மூன்றிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. ஆய்வுக் காலத்தில் இருவர் தற்கொலையால் இறந்தனர். சிகிச்சை பெறாத ஒப்பீட்டுக் குழுவும் இல்லை. எனவே சராசரியை மட்டும் கொண்டு முடிவு கூற இயலாது.

இங்கிலாந்தில் 2024இல் வெளியான காஸ் அறிக்கை, சான்றுகள் வலுவற்றவை என்றது. முன்பு சிகிச்சை நிலையத்தை நாடிய ஏறத்தாழ 9,000 பேரின் பிற்கால நிலையை அறியும் முயற்சி, வயதுவந்தோருக்கான நிலையங்களில் பெரும்பாலானவை ஒத்துழைக்காததால் நிறைவேறவில்லை.

தமிழ்நாட்டில்

தமிழ்நாடு அரசு 2008இல் திருநங்கையர் நல வாரியம் அமைத்தது. சென்னை, மதுரை அரசு மருத்துவமனைகளில் பாலின வழிகாட்டு மருத்துவப் பிரிவுகள் செயல்படுகின்றன. ஊடுபால் குழந்தைகளுக்கு உயிராபத்து இல்லாதபோது பாலின அறுவை செய்யக் கூடாது என்று 2019இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கூறியது. பெற்றோரின் ஒப்புதலைக் குழந்தையின் ஒப்புதலாகக் கொள்ள முடியாது என்பதே அதன் அடிப்படை.

வினாத்தாளுக்கும் இது பொருந்தும். பெற்றோர் அருகில் இருக்கும்போது பெறப்படும் விடை, பிள்ளையின் விடையாக இல்லாமல் போகலாம். பழனி மலையிலுள்ள வடகவுஞ்சி போன்ற ஊரிலிருந்து மதுரைக்கு வர வேண்டிய ஒருவருக்குப் பேருந்துச் செலவும், இழக்கும் பள்ளி நாளும், ஊரார் கேள்வியும் சிகிச்சை அனுபவத்தின் பகுதிகளே. இடையில் வராமல் நின்றவர்களைத் தேடிக் கேட்காவிட்டால், தொடர்ந்து வர முடிந்தவர்களின் நிலை மட்டுமே கணக்கில் வரும்.

தமிழில் வினாக்கள்

அயல்மொழி வினாத்தாளைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் போதாது. அதை மீண்டும் மூலமொழிக்குப் பெயர்த்து ஒப்பிட வேண்டும். பின்பு இளையோரிடம் கொடுத்து, ஒவ்வொரு வினாவையும் எவ்வாறு புரிந்துகொண்டனர் என்று கேட்க வேண்டும். மதிப்புடன் வழங்குவதற்கான சொற்பட்டியலைத் தமிழ்நாடு அரசு 2022இல் வெளியிட்டது. இழிசொல் கலந்த வினாவுக்கு உண்மையான விடை கிடைக்காது என்பதால், இப்பட்டியல் அளவீட்டுக்கும் உதவும்.