துறவி நண்டும் கண்ணாடித் தொட்டியும்



கற்பிட்டி முதல் உடப்பு வரை நீண்டு கிடக்கும் மணற்கரையிலே மாலைப் பொழுதில் உலாவுவோர், கிடந்த சங்கொன்று திடீரென எழுந்து நடப்பதைக் கண்டிருப்பர். அதனுள் குடியிருப்பது துறவி நண்டு. இதனைக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்க விரும்பும் மாணாக்கர் எமது மாவட்டத்திலே பலர் உளர். கடல் அருகில் இருக்கிறது. நண்டோ காசின்றிக் கிடைப்பது. ஆயினும் தொட்டியில் விட்ட நண்டு சில நாளிலேயே மடிவதையும் அடிக்கடி காண்கிறோம். அது ஏன் என்பதைச் சற்று ஆராய்வோம்.

துறவி என்னும் பெயர் இதற்கு அத்துணைப் பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை. துறவி வீட்டைத் துறப்பவன். இதுவோ வீட்டை விட்டு வெளியே தலைகாட்டவும் அஞ்சுவது. தாழியொன்றினுள் வாழ்ந்தாரென்று சொல்லப்படும் கிரேக்க ஞானி டயோஜனிசின் பெயரை இந்நண்டினத்தின் ஒரு பிரிவுக்கு அறிஞர் இட்டுள்ளனர். அது ஓரளவு பொருத்தமே. இதன் முன்னுடலுக்கு மட்டுமே உறுதியான ஓடு உண்டு. பின்னுடல் மென்மையாய், சங்கின் உட்சுருளுக்கு இசையச் சுருண்டிருக்கும். நுனியிலுள்ள கொக்கி போன்ற உறுப்புகளால் சங்கின் நடுத்தண்டை அது இறுகப் பற்றிக்கொள்ளும். பலவந்தமாய் இழுத்தால் உடல் அறுந்துபோகலாமேயன்றி நண்டு பிடியை விடாது.

முதலில் ஒன்றைத் தெளிதல் வேண்டும். தாழம்புதரின் கீழும் உலர்ந்த மணலிலும் திரிவது தரைவாழ் துறவி நண்டு. முட்டை பொரியும் காலத்தில் குஞ்சுகளைக் கடலில் விடவே பெண் நண்டு நீர் விளிம்புக்குச் செல்லும்; மற்றபடி அது தரைப்பிராணி. ஈரக் காற்றைச் சுவாசித்து வாழும் அதனை நீர் நிறைந்த தொட்டியில் இட்டால் மூழ்கி இறந்துபோம். சிறுவர் பிடித்து வருவது பெரும்பாலும் இதனையே. தொட்டிக்கு உரியது, வற்றுநீர்க் குட்டைகளிலும் ஆழமற்ற கடலிலும் நீருக்குள்ளேயே வாழும் இனமாகும்.

அடுத்தது நீர். ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. உப்புக்குப் பெயர்போன புத்தளத்திலே, உப்பளத்து உப்பைக் கரைத்தால் கடல்நீர் ஆகாதோ என்று கேட்பவர் உண்டு. ஆகாது. பாத்தியில் நீர் வற்றும்போது சுண்ணமும் ஜிப்சமும் முதலில் படியும். பின்னரே கறியுப்பு விளையும். மகனீசிய உப்புகள் செறிந்த கசப்பு நீர் எஞ்சி வெளியேற்றப்படும். நாம் வாரியெடுப்பது கடலின் ஒரு பகுதியை மட்டுமே. நண்டுக்கோ, ஓடு வளர்க்கக் கல்சியமும் வேண்டும், மகனீசியமும் வேண்டும். ஆகவே தெளிந்த கடல்நீரையே கொணர்தல் நன்று. களப்பு நீர் வேண்டாம். கோடையில் அது கடலினும் உவர்ப்பு மிகும், மழைக்காலத்தில் சப்பென்றாகும்.

அந்த உப்பளத்துப் பாடம் தொட்டிக்கும் பொருந்தும். வெயிலில் ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கும். குறைந்த அளவை ஈடுசெய்யக் கடல்நீரை ஊற்றிக்கொண்டே போனால் தொட்டி உப்புப் பாத்தியாய்விடும். குளோரீன் கலவாத நன்னீரையே ஊற்றுதல் வேண்டும். செம்புப் பாத்திரத்தில் மட்டும் அந்நீரை வைத்தலாகாது. செம்பு சிறிதளவு கரைந்தாலும் நண்டினத்துக்கு நஞ்சு. மீன் நோய்க்கு விற்கும் மருந்துகள் சிலவற்றிலும் செம்பு உண்டு.

நீர் தெளிவாய் இருப்பதனால் தூயதென்று கொள்ளற்க. கழிவும் எஞ்சிய இரையும் அழுகி அமோனியாவாகும். மணலிலே பெருகும் ஒருவகைப் பற்றீரியாக்கள் அதனை நைத்திரைற்றாகவும், வேறுவகை அதனைத் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. புதிய தொட்டியில் இவை நிலைகொள்ள நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். அதுவரை பொறுப்பவர் சிலரே. நண்டுகள் மடிவதற்குப் பெருங்காரணம் இந்த அவசரமே. பயறளவு மீன் துண்டோ இறால் துண்டோ ஒரு நண்டுக்குப் போதும். மிஞ்சியதை விடியுமுன் அகற்றிவிடுக.

இனி வீட்டுப் பேச்சு. நண்டு வளரும்; சங்கு வளராது. ஆகவே ஒவ்வொரு நண்டுக்கும் அளவில் வேறுபட்ட வெற்றுச் சங்குகள் இரண்டு மூன்றாவது தொட்டியில் கிடத்தல் வேண்டும். இல்லையேல் ஒன்றன் வீட்டை மற்றொன்று பறிக்கப் போரிடும். கரையிலோ, பெரிய சங்கொன்று ஒதுங்கினால் நண்டுகள் அளவு வரிசையில் கூடி நிற்பதையும், பெரியது புதுவீடு புக, அடுத்தது அதன் பழைய வீட்டிற் புக, இவ்வாறே கடைசி நண்டு வரை குடிபெயர்வதையும் ஆய்வாளர் கண்டு எழுதியுள்ளனர். அழகுக்கென நாம் பொறுக்கிச் செல்லும் ஒரு சங்கினால் எத்தனை குடிகள் மாற வழியற்றுப் போகின்றன என்று கணக்கிடுங்கள். உலகின் பல கரைகளில் தரைவாழ் நண்டுகள் பிளாஸ்டிக் மூடிகளைச் சுமந்து திரிவதை 2024 இல் வெளியான ஓர் ஆய்வு படங்களைக் கொண்டு காட்டிற்று. அவற்றுட் பெரும்பாலானவை போத்தல் மூடிகள்.

சில வேளை தொட்டியில் நண்டு இறந்து கிடப்பதுபோல் தோன்றும். உடனே எறிந்துவிடாதீர்கள். அது தோலுரித்துக் கழற்றிய வெற்றுச் சட்டையாய் இருக்கலாம். நண்டு சங்கினுள் ஒளிந்திருக்கும். இறந்ததாயின் துர்நாற்றமே சொல்லிவிடும். கழற்றிய சட்டையை நண்டே தின்று அதிலுள்ள கல்சியத்தை மீளப் பெறுமாதலால் அதனை அங்கேயே விடுக.

பாடசாலைகளுக்கு ஒரு சொல். இரண்டு நண்டுகள் போதும். சில மாதம் பார்த்தபின், எடுத்த இடத்திலேயே விட்டுவிடலாம். கடையில் வாங்கிய மீன்களோடு வாழ்ந்த நண்டாயின், நோய் பரவக்கூடுமாதலால் கடலில் விடுதல் தகாது. கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பார் ரீஃப் பவளப்பாறைப் பகுதி 1992 இல் கடற் சரணாலயமாக்கப்பட்டது. அங்கிருந்து நண்டோ சங்கோ எடுத்தலாகாது.