நடை போதும், அடுப்பைப் பாருங்கள்

மூளை நலம் பற்றிய எந்தக் கட்டுரையிலும் முதல் அறிவுரை, தினமும் அரைமணி நேரம் நடங்கள் என்பதுதான். விடிந்ததும் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நின்று, மாலை வரை இலங்கை மலையகத்தின் ஹட்டன் தேயிலைச் சரிவுகளில் ஏறி இறங்கிக் கொழுந்து பறிக்கும் பெண்ணிடம் இதைச் சொன்னால் சிரித்துவிடுவாள். அவளுக்கு நடைக்குப் பஞ்சமில்லை. கேடு வேறு வழியாக வருகிறது.

'லான்செட்' மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024இல் 14 காரணிகளைப் பட்டியலிட்டது. இவை அத்தனையையும் சரிசெய்ய முடிந்தால், உலகில் சுமார் 45 சதவீத மறதி நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியுமாம். உயர் இரத்த அழுத்தம், சீனி வருத்தம், புகையிலை, மது, காற்று மாசு, காது மந்தம், தனிமை, குறைந்த படிப்பு என்று நீளும் அந்தப் பட்டியல், தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களின் வாழ்க்கையைப் பார்த்து எழுதியதைப் போலவே இருக்கிறது.

முதலில் பிரெஷர். நடுவயதில் ஏறும் அழுத்தம் மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்களைத் தடிக்கச் செய்யும்; வலியே தெரியாது. நாளுக்கு 5 கிராமுக்குள் உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரொட்டிக்குக் கட்டைச்சம்பல், சோற்றுக்குக் கருவாடு என்றால் அந்த அளவு சீக்கிரமே தாண்டிவிடும். உடம்பு நன்றாக இருக்கிறதென்று மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர், அதாவது நாட்கூலி, போய்விடுமே என்ற கவலையை அலட்சியம் என்று தள்ளிவிட முடியாது. தோட்டத்திலேயே பிரெஷர் பார்க்க ஏற்பாடு இருந்தால் பாதிச் சிக்கல் தீரும்.

அடுத்தது அடுப்பு. தேயிலைச் செடியைக் கவ்வாத்து செய்து வெட்டிய மிலாறுக் குச்சிகள் எரியும் சிறிய சமையலறையில் புகை போக வழியில்லை. அதன் நுண்துகள் நுரையீரல் வழியாக இரத்தத்தில் கலந்து குழாய்களை நோகடிக்கிறது. புகைக்கூண்டும் திறந்த ஜன்னலும் இங்கே மருந்துக்குச் சமம். இனி மதுவும் புகையிலையும்: ஆண்கள் பக்கம் சாராயமும் கள்ளச்சாராயமான கசிப்பும். வெற்றிலைக்குள் மடித்து வைக்கும் புகையிலையோ இரு பாலாருக்கும் பொது.

பலவற்றைச் சேர்த்துக் கவனித்தால் என்ன ஆகும்? பின்லாந்தில் 60 முதல் 77 வயதுக்குட்பட்ட 1,260 பேரிடம் நடந்த 'ஃபிங்கர்' ஆய்வின் முடிவு 2015இல் வந்தது. உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, இரத்த அழுத்தக் கவனிப்பு எல்லாம் இரண்டாண்டு சேர்ந்து நடந்தபோது சிந்தனைத் திறன் மேம்பட்டது. மூளைப் பயிற்சிக்கு அங்கே கணினி. மலையகத்தில் மாசி மாதக் காமன் கூத்து இருக்கிறது: பாட்டை மனனம் செய்ய வேண்டும், தப்புப் பறை அடிக்கு ஆட வேண்டும், ஊரே கூட வேண்டும். பள்ளிக்கூடம் எட்டாத தலைமுறையின் முதியவர்களை அதில் பார்வையாளராக உட்கார வைக்காமல், பாட்டுச் சொல்லிக் கொடுப்பவர்களாக அழைக்கலாம்.