சரியும் சந்தையில் திடீர் ‘பச்சை’... நம்பி வாங்கலாமா?

நாலு நாள் சிவப்பு. அஞ்சாவது நாள் நிஃப்டி 300 புள்ளி ஏறுகிறது. உடனே வாட்ஸ்அப் குரூப்பில் ‘இதுக்கு மேல விழாது, இப்ப வாங்கலைன்னா எப்ப வாங்குறது?’ என்று மெசேஜ் வந்து விழும். இறங்குமுகச் சந்தையில் புதியவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இப்படித் துள்ளும் நாட்களில்தான்.

2008-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் நிஃப்டி 6,300-ஐத் தாண்டி உச்சம் தொட்டது. மார்ச்சில் சுமார் 4,500-க்கு வந்தது. மே தொடக்கத்தில் 5,300-க்கு அருகே ஏறியதும் ‘பிரச்சினை முடிஞ்சுது’ என்று நினைக்கத் தோன்றும். ஆனால் ஜூலையில் 3,800-க்கும் கீழே போனது. ஆகஸ்டில் மறுபடி 4,600. செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் திவாலாக, அக்டோபர் கடைசியில் 2,300-க்கும் கீழே!

ஒவ்வொரு ஏற்றமும் முந்தைய உச்சத்துக்குக் கீழேயே நின்றது. ஒவ்வொரு இறக்கமும் முந்தைய அடிமட்டத்தை உடைத்தது. ‘லோயர் ஹை, லோயர் லோ’ என்று டிரேடர்கள் சொல்வது இதைத்தான். மே மாதம் உள்ளே போனவருக்கு அக்டோபரில் பாதிக்கு மேல் காலி. 100 ரூபாய் 50 ஆவதற்கு 50 சதவீத இறக்கம் போதும். திரும்ப 100 ஆக 100 சதவீதம் ஏறணும். 2008 உச்சத்தை நிஃப்டி தாண்ட 2013 கடைசி ஆகிவிட்டது.

அப்போ டிரெண்ட் மாறுவதை எப்படிக் கண்டுபிடிப்பது? கடைசி உச்சத்தை உடைத்து ஏறி, அடுத்த இறக்கத்தில் பழைய அடிமட்டத்துக்கு மேலேயே நின்றால் அது ஓரளவு நல்ல அறிகுறி. கூடவே பலர் பார்ப்பது 200 நாள் சராசரிக் கோடு. இது தாமதமாகத்தான் பேசும். 2020 மார்ச் 24-ல் நிஃப்டி 7,511-ஐத் தொட்டுத் திரும்பியது. இந்தக் கோட்டை மறுபடி தாண்டுவதற்குள் 40 சதவீதத்துக்கு மேல் ஏறிவிட்டது. காத்திருந்தவருக்கு லாபம் கொஞ்சம் போச்சு, முதல் போகவில்லை.

காத்திருக்க மனசில்லையா? அளவைக் குறையுங்கள். கையில் 1 லட்சம் இருக்கிறது, ஒரு டிரேடில் 1,000 ரூபாய்க்கு மேல் இழக்கக் கூடாது என்று வைத்துக்கொள்வோம். 500 ரூபாய் பங்கு, ஸ்டாப் லாஸ் 480. ஒரு பங்குக்கு 20 ரூபாய் ரிஸ்க். எனவே 50 பங்குதான், 25,000 ரூபாய்தான். மீதி கையிலேயே இருக்கட்டும்.

ஸ்டாப் லாஸும் முழுப் பாதுகாப்பு இல்லை. பங்கு மறுநாள் காலை 450-ல் திறந்தால் 480-க்கு யார் வாங்குவார்? 2020 மார்ச் 23 அன்று நிஃப்டி ஒரே நாளில் 13 சதவீதம் சரிந்தது; நடுவில் வர்த்தகமே நிறுத்தப்பட்டது.

விட்டதைப் பிடிக்க ஆப்ஷன்ஸ் பக்கம் போவதுதான் இதில் ரொம்ப மோசம். 2024-ல் செபி வெளியிட்ட ஆய்வின்படி, அதற்கு முந்தைய மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல்.

எஸ்ஐபி போடுகிறவர்களுக்கு இது வேறு கணக்கு. விலை இறங்கினால் அதே தொகைக்கு யூனிட் கூடுதலாகக் கிடைக்கும். பத்து வருஷத்துக்குப் போடுகிறவர் தினமும் சார்ட்டைத் திறக்க வேண்டியதில்லை.