நொதியங்களைத் தேடிய பெண்கள்

"மிஸ், பெட்டை விஞ்ஞானம்தான் படிப்பன் எண்டு ஒற்றைக்காலில நிக்கிறாள். உது எங்கட நிலைமைக்குச் சரிவருமே?"

கண்டி நகருக்கு வெளியே, கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு சிறு வாடகை வீட்டில் வசிக்கும் அக்கா ஒருவர் என்னிடம் இப்படிக் கேட்டார். 2009 இல் வன்னியில் கணவரை இழந்து, கைக்குழந்தையுடன் முகாமில் இருந்துவிட்டு, உறவினரை நம்பி இங்கே வந்தவர். ஒரு தையல் இயந்திரத்தை வைத்தே சீவியத்தை நடத்துகிறார். அன்று கைக்குழந்தையாக இருந்த மகள் க.பொ.த. சாதாரணதரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு பெற்றிருக்கிறாள். உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் படித்து, பின்பு நொதியங்களை ஆராய வேண்டும் என்பது அவளது ஆசை.

"நொதியமாம் மிஸ்! அது சோறு போடுமே?" என்றார் தாய்.

நான் கலைப்பிரிவில் படித்துச் சமூகவியல் பட்டம் பெற்றவள். 'கலைப்பிரிவை எடுத்தால் ரியூசன் செலவாவது குறையும்' என்ற வார்த்தை என் வாய்வரை வந்துவிட்டது. ஆனால் அதற்குள் அந்தப் பிள்ளை குசினிக்குள் போய், அம்மா வெட்டி வைத்திருந்த கத்தரிக்காய்த் துண்டு ஒன்றைக் கொண்டு வந்தாள்.

"அம்மா, இது ஏன் கறுத்தது?"

"தண்ணியில போடேல்ல, கறுத்துப் போச்சு."

"கறுக்க வைச்சதுதான் நொதியம்" என்றாள் மகள்.

குசினியிலும் தேயிலைத் தொழிற்சாலையிலும்

நொதியம் என்பது உயிருள்ளவற்றின் உடலில் நடக்கும் இரசாயன வேலைகளை விரைவுபடுத்தும் பொருள். பெரும்பாலான நொதியங்கள் புரதங்கள். கத்தரிக்காயை வெட்டும்போது அதன் கலங்கள் உடைகின்றன. உள்ளே தனித்தனியாக இருந்த நொதியமும் வேறு சில பொருட்களும் ஒன்று கலந்து, காற்றிலுள்ள ஒட்சிசனுடன் சேர்ந்து நிறம் மாறுகின்றன. தண்ணீரில் போட்டால் காற்றுப் படுவது குறையும், கறுப்பதும் குறையும்.

கண்டி மாவட்டத்தின் லூல்கந்துர தோட்டத்தில் 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிடத் தொடங்கிய காலம் முதல் நம் மலைநாட்டை வாழவைப்பதும் இதே வகையான நொதியம்தான். நம் பெண்கள் பறித்துவரும் பச்சைக் கொழுந்தை வாட்டி, இயந்திரத்தில் உருட்டி நசுக்குகிறார்கள். அப்போது நொதியம் வேலை செய்யத் தொடங்குகிறது. பச்சை நிறம் செம்பு நிறமாகிறது, மணமும் சாயமும் பிறக்கின்றன. பின்பு சூடான காற்றில் உலர்த்தும்போது நொதியத்தின் வேலை நிற்கிறது. கொழுந்தை முதலிலேயே சூடாக்கி அந்த நொதியத்தை அழித்துவிட்டால் அதுதான் பச்சைத் தேயிலை.

சூடு பட்டால் நொதியம் ஏன் செயலிழக்கிறது? அதன் வேலை அதன் வடிவத்தில் தங்கியிருக்கிறது. அமினோ அமிலங்கள் மணிமாலைபோலக் கோக்கப்பட்டு, அந்த மாலை மடிந்து சுருண்டு நொதியமாகிறது. அந்த மடிப்புகளுக்கு நடுவே ஒரு சிறு குழி உண்டு. குழிக்குப் பொருந்தும் பொருளையே நொதியம் பிடித்து மாற்றும். ஜேர்மன் விஞ்ஞானி எமில் பிஷர் 1894 இல் இதைப் பூட்டுக்கும் திறப்புக்கும் ஒப்பிட்டார். அதிக சூடு பட்டால் மடிப்புக் குலைந்துவிடும், பூட்டும் பழுதாகிவிடும்.

இந்த வடிவத்தை முதன்முதலாக ஒரு நொதியத்தில் முழுமையாகக் கண்டது 1965 இல், லண்டனில். டேவிட் பிலிப்ஸ் என்பவரின் குழுவில் லூயிஸ் ஜோன்சன் என்ற இளம் பெண் ஆய்வாளர் முக்கிய பங்கு வகித்தார். அவர்கள் ஆராய்ந்தது லைசோசைம் என்னும் நொதியம். முட்டையின் வெள்ளைக்கருவிலும் நம் கண்ணீரிலும் அது இருக்கிறது. கிருமிகளின் சுவரை உடைத்துக் கண்ணைக் காப்பது அதன் வேலை. நாம் வடித்த கண்ணீருக்குள்ளும் ஒரு காவல் இருந்திருக்கிறது, சகோதரிகளே.

கதவடைப்பை எதிர்த்த கமலா

நொதிய ஆய்வில் நம் பக்கத்துப் பெண் ஒருவரின் கதையை அந்தத் தாய்க்குச் சொன்னேன். அவர் பெயர் கமலா சோஹனி. 1933 இல் பம்பாயில் இரசாயனவியலில் சிறப்பாகத் தேறிய கமலா, பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞான நிறுவனத்தில் ஆராய்ச்சி செய்ய விண்ணப்பித்தார். அங்கே பணிப்பாளராக இருந்தவர் நோபல் பரிசு பெற்ற சேர் சி. வி. இராமன். பெண் என்ற ஒரே காரணத்தால் அவர் விண்ணப்பத்தை மறுத்தார்.

கமலா வீட்டில் இருந்து அழவில்லை. நேரில் போய் நியாயம் கேட்டார். கடைசியில் இராமன் நிபந்தனைகளோடு இடம் கொடுத்தார். முதல் ஒரு வருடம் அவர் முறையான மாணவியாகக் கணிக்கப்படமாட்டார். வழிகாட்டி சொன்னால் இரவிலும் வேலை செய்ய வேண்டும். ஆய்வுகூடத்தில் ஆண்களின் கவனத்தைக் கலைக்கக் கூடாது. இந்த அவமானத்தை விழுங்கிக்கொண்டு கமலா பாலிலும் பருப்பு வகைகளிலும் உள்ள புரதங்களை ஆராய்ந்தார். அவருடைய உழைப்பைக் கண்ட பின்பு அந்த நிறுவனம் மற்றப் பெண்களுக்கும் கதவைத் திறந்தது. ஆனாலும் தனக்கு நடந்த அநியாயத்தைக் கமலா முதுமையிலும் மறக்கவில்லை, அதை வெளிப்படையாகவே சொன்னார்.

பின்பு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். தாவரங்கள் சுவாசிக்கும்போது நொதியங்களோடு சேர்ந்து இயங்கும் 'சைட்டோகுரோம் சி' என்ற புரதம் தாவர இழையங்களில் இருப்பதைக் காட்டி, 1939 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். விஞ்ஞானத்தில் அந்தப் பட்டத்தைப் பெற்ற முதல் இந்தியப் பெண்களுள் அவரும் ஒருவர்.

நாடு திரும்பியவர் தமிழ்நாட்டின் குன்னூரிலுள்ள போசாக்கு ஆய்வுகூடத்திலும், 1947 இல் திருமணமான பின்பு பம்பாயிலும் பணியாற்றினார். ஏழைகள் உண்ணும் உணவையே அங்கு ஆராய்ந்தார். நம் குடலில் புரதத்தைச் சமிக்க வைக்கும் நொதியங்களுள் ஒன்று திரிப்சின். அவரை, சோயா போன்றவற்றில் அந்தத் திரிப்சினின் குழிக்குள் போய் அடைத்துக்கொள்ளும் பொருட்கள் உண்டு. பூட்டுக்குள் முறிந்த திறப்பு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட பொருட்களைக் கமலாவும் அவரது மாணவர்களும் ஆராய்ந்தார்கள். நன்றாக ஊறவைத்து அவித்தால் அவற்றின் வலிமை பெரும்பாலும் போய்விடும். பிள்ளைகளுக்குக் கடலை, கௌபி கொடுக்கும்போது நன்கு அவியுங்கள் என்று நம் பாட்டிமார் சொன்னதில் இவ்வளவு விடயம் இருக்கிறது.

புளிக்காத பனஞ்சாற்றையும் அவர் ஆராய்ந்தார். நாம் பதநீர், கருப்பநீர் என்று குடித்தது அதுவே. அதிலும் வெல்லத்திலும் உள்ள போசாக்கு, குறையூட்டமுள்ள பிள்ளைகளுக்கும் கர்ப்பிணித் தாய்மாருக்கும் உதவும் என்று காட்டியதற்காக இந்திய ஜனாதிபதியின் விருது கிடைத்தது. 1998 இல் அவர் காலமானார்.

யாழ்ப்பாணத்திலும் ஒருவர்

"அவை வசதியான ஆக்கள் மிஸ். எங்களை மாதிரி சண்டைக்குள்ள கிடந்தவையே?" என்றார் தாய். நியாயமான கேள்வி. கமலாவின் தந்தையும் சித்தப்பாவும் படித்த இரசாயனவியலாளர்கள்தான்.

அப்போது யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் உயிர் இரசாயனவியல் பேராசிரியையாகப் பணியாற்றிய வசந்தி அரசரட்ணத்தைப் பற்றிச் சொன்னேன். மாப்பொருளைச் சீனியாக உடைக்கும் நொதியங்கள் அவருடைய ஆய்வுத் துறை. சோறு மெல்ல மெல்ல வாயில் இனிக்கிறதே, அதைச் செய்யும் நொதியங்களின் இனம் அது. யாழ்ப்பாணம் மின்சாரமின்றி இருண்டு கிடந்த 1990களின் முற்பகுதியிலும், சோளத்தின் மாப்பொருளில் அந்த நொதியங்கள் சேர்ந்து வேலை செய்வது பற்றிய அவருடைய கட்டுரைகள் வெளிநாட்டுச் சஞ்சிகைகளில் வெளிவந்தன. 2011 இல் அவர் அதே பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார்.

தாய் ஒன்றும் பேசவில்லை. நூலை ஊசியில் கோத்துக்கொண்டே இருந்தார்.

பாதை இலகுவல்ல

பொய் நம்பிக்கை கொடுப்பது என் வேலை அல்ல. உயர்தர விஞ்ஞானத்துக்குச் செலவு உண்டு. தமிழில் விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியர்கள் எல்லாப் பாடசாலைகளிலும் இல்லை. இசற் புள்ளி குறைந்தால் பல்கலைக்கழக அனுமதி கிடைக்காமலும் போகலாம். கிடைத்தால் அங்கே ஆங்கிலத்தில் படிக்க வேண்டும்.

ஆனால் அரச பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புக்குக் கட்டணம் இல்லை. வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மகாபொல புலமைப்பரிசிலும் உண்டு. பேராதனையில் விஞ்ஞானம், மருத்துவம், விவசாயம் என்று பல பீடங்கள் பஸ் போகும் தூரத்தில் இருக்கின்றன. அடிப்படை ஆய்வுகளுக்கென்றே ஒரு தேசிய நிறுவகம் ஹந்தானையில் இருக்கிறது. மூடிய கதவு என்று நாம் நினைப்பதில் பாதி, தட்டிப் பார்க்காத கதவுதான்.

ஆகவே சகோதரிகளே, உங்கள் மகள் விஞ்ஞானம் கேட்டால் உடனே மறுக்காதீர்கள். முதலில் பாடசாலை அதிபரையும் விஞ்ஞான ஆசிரியரையும் சந்தித்து, என்ன செலவு, என்ன உதவி என்று கேட்டு எழுதி வையுங்கள். அதன் பிறகு பிள்ளையோடு சேர்ந்து முடிவெடுங்கள்.

போன மாதம் மறுபடியும் அந்த வீட்டுக்குப் போனேன். மேசையில் இரசாயனவியல் புத்தகம் விரித்தபடி இருந்தது. தையல் இயந்திரத்தின் பக்கத்தில் சீருடைகள் குவிந்திருந்தன. புதிதாகக் கிடைத்த வேலையாம்.

"படிக்கட்டும் மிஸ், பாப்பம்" என்றார் தாய். "கத்தரிக்காயை நானே வெட்டுறன். அவளிட்ட குடுத்தால் கறுக்கும் மட்டும் பாத்துக்கொண்டு இருப்பாள்."