ஒரே பாறையில் ஹரியும் ஹரனும்

மலர்ச் சாகுபடிக்குப் பெயர் பெற்ற கீரமங்கலத்தில் ஈசன் மெய்நின்றநாதராக அருள்பாலிக்கிறார். அதே புதுக்கோட்டை மாவட்டத்தில் ‘மெய்’யைத் தன் பெயரிலேயே தாங்கிய இன்னொரு தலம் திருமெய்யம். இன்று திருமயம் என வழங்கும் இத்தலம் புதுக்கோட்டைக்குத் தெற்கே சுமார் 20 கி.மீ. தொலைவில் உள்ளது.

இங்கு மலையைக் குடைந்தே இரு கோயில்கள் அமைந்துள்ளன. மகாராஷ்டிரத்தின் எல்லோராக் குடைவரைகள் எரிமலைக் குழம்பு உறைந்த பாறையில் உருவானவை. திருமயமோ உளி எளிதில் இறங்காத கருங்கல் குன்று. ஒரு குடைவரையில் சத்தியகிரீசுவரர். அடுத்ததில் அரவணைமேல் பள்ளிகொண்ட திருமெய்யர். பெருமாளின் நெடிய திருமேனியும், பின்புறம் சூழ்ந்துள்ள தேவர்களும் பாறையிலேயே வடிக்கப்பட்டவை. மது, கைடபர் என்னும் அசுரரை விரட்ட ஆதிசேஷன் உமிழும் தீச்சுடரையும் அங்கே காணலாம். திருமங்கையாழ்வார் மங்களாசாசனம் செய்த திவ்விய தேசம் இது.

ஒரே மலையில் இருவரும் எழுந்தருளியும், அடியார்களிடையே பிணக்கு மூண்டது. கோயில் நிலம், வருவாய் குறித்து இரு தரப்பினரும் நெடுநாள் வழக்காடினர். 1245ஆம் ஆண்டில் போசளத் தளபதி அப்பண்ண தண்டநாயகர் முன்னிலையில் பங்கு பிரித்து அவ்வழக்கு தீர்க்கப்பட்டதைக் கல்வெட்டு கூறுகிறது.

மனிதர் பிரித்தது வருவாயை மட்டுமே. மலை இன்றும் ஒன்றுதான். திருமயம் செல்லும் அன்பர்கள் ஒரு சந்நிதியோடு திரும்பாமல், ஈசனைத் தரிசித்துப் பெருமாளையும் சேவித்து வருவதே அத்தலத்துக்கு உரிய முழுமையான வழிபாடாகும்.